மேசையில் எழும் புகை எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

மாடி அறையிலோ பால்கனி மூலையிலோ ஒரு மேசையைப் போட்டு சால்டரிங் (மின்னணுப் பாகங்களை உலோகத்தை உருக்கிப் பற்றவைப்பது) செய்கிறவர்கள், ரெசின் என்ற, ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் திரவத்தில் கைவினைப் பொருள் செய்கிறவர்கள், த்ரீ-டி பிரிண்டர் ஓட்டுகிறவர்கள், சின்ன லேசர் மெஷினில் பெயர்ப்பலகை வெட்டுகிறவர்கள் என்று இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். புகை என்று பேச்சு எடுத்தாலே இவர்கள் கேட்பது, “எந்த ஃபில்டர் வாங்கலாம்?” என்பதுதான். ஃபில்டரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், கிளம்புகிற புகை என்ன, அது எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடுவோம்.

சால்டரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகையில் ஈயம் இருக்கிறது என்றுதான் பலருக்கும் பயம். ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். கொதிப்பது 1,749 டிகிரியில். நம் சால்டரிங் அயர்ன் 350 டிகிரியை ஒட்டித்தான் வேலை செய்கிறது. ஆகவே காற்றில் ஏறும் ஈயம் மிகமிகக் குறைவு. ஈயம் உடம்புக்குள் போவது விரல் வழியாக. சால்டர் கம்பியைப் பிடித்த கையோடு முறுக்கை எடுத்துக் கடிக்கும்போது. கண்ணில் படுகிற வெள்ளைப் புகை, சால்டர் நன்றாக ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஃப்ளக்ஸிலிருந்து வருவது. ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசின் பைன் மரப் பிசின். எலக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வரவழைப்பதில் பேர் வாங்கிய பொருள் அது. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் புகை பட்டாலே நெஞ்சு இறுகும். ஈயம் இல்லாத சால்டர் வாங்கிவிட்டேன், இனிக் கவலையில்லை என்பார்கள். அதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். புகை கூடுமே ஒழியக் குறையாது.

சூடான புகை நேராக மேலே எழும். குனிந்து வேலை பார்க்கிறவரின் மூக்கு சரியாக அங்கேதான் இருக்கும். சுவரின் உச்சியில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலும், புகை உங்கள் முகத்தைத் தாண்டித்தான் அதனிடம் போய்ச் சேரும். பிறக்கிற இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும்.

பிடிப்பதில்தான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. எரிகிற மெழுகுவர்த்தியை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க முடியுமா? ஊதும் காற்று ஒரே திசையில் பாயும். உறிஞ்சும் குழாயோ எல்லாப் பக்கத்திலிருந்தும் இழுக்கும். 4 அங்குலக் குழாயின் வாயில் இருக்கும் காற்று வேகம், அங்கிருந்து 4 அங்குலம் தள்ளிப் போனாலே பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஓர் அடி தள்ளி வைத்தால் ஃபேன் சத்தம்தான் மிச்சம். வேலை அனுமதிக்கிற அளவுக்குக் குழாயைக் கிட்டே கொண்டுவாருங்கள். வாயைச் சுற்றி அகலமாக ஒரு விளிம்பு பொருத்தினால் பின்பக்கத்து வீண் காற்றை இழுக்காது. மூன்று பக்கமும் மேலேயும் மூடிய பெட்டிக்குள் வேலை செய்ய முடிந்தால் அதைவிட நல்லது. சோதிப்பதற்கு ஓர் ஊதுபத்தி போதும். வேலை நடக்கும் இடத்தில் அதைப் பிடியுங்கள். புகை இழை வளைந்து முழுசாகக் குழாய்க்குள் நுழைய வேண்டும். பாதி நுழைந்து மீதி சுழன்று உங்கள் சட்டைப் பக்கம் திரும்பினால் ஏற்பாடு சரியில்லை.

குளியலறையில் மாட்டும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன், சுவர் ஓட்டையில் நேராக உட்கார்ந்தால் நன்றாக ஓடும். நீளக் குழாயோடு சேர்த்தால் திணறும். குழாய்க்கு, காற்றை அழுத்தித் தள்ளும் ப்ளோயர் வகைதான் சரி. மடிப்பு மடிப்பான அலுமினிய ஹோஸை நன்றாக இழுத்து நீட்டி, வளைவுகளைக் குறைத்து மாட்டுங்கள். ப்ளோயரை மேசைப் பக்கம் வைக்காமல் ஜன்னல் பக்கம் வையுங்கள். அப்போது அறைக்குள் ஓடும் குழாய் முழுதும் உள்ளிழுப்பில் இருக்கும். இணைப்பில் இடைவெளி இருந்தாலும் அறைக்காற்று உள்ளே போகுமே தவிரப் புகை வெளியே கசியாது.

வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவும் வழி வேண்டும். எதிர்ப்பக்கக் கதவையோ ஜன்னலையோ திறந்து வையுங்கள். வீட்டில் இருக்கும் ஸ்ப்ளிட் ஏசி பொதுவாக அறைக்காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, ரெசின் பிரிண்டரையும் ஓட்டுகிறவர் தன் புகையையே திரும்பத் திரும்ப மூச்சிழுக்கிறார்.

குழாயின் மறுமுனையையும் யோசிக்க வேண்டும். அடுக்குமாடிகளில் எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னல்களும் திறக்கும் ஒரு குறுகலான டக்ட் இருக்குமே, அதில் புகையை விடவே கூடாது. மேல்வீட்டுக் குழந்தை அதைச் சுவாசிக்கும். சென்னையில் பல நாட்களில் மதியத்துக்குமேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். கிழக்கு ஜன்னலில் விட்ட புகை அறைக்குள்ளேயே திரும்பிவிடும். கோவையில் ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கு ஜன்னலுக்கு அதையே செய்யும்.

இப்போது ஃபில்டர். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் பிடிப்பது துகளை மட்டும். வாயு அதன் வழியாகப் போய்விடும். வாயுவுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து செய்யும் நல்ல ரகத்தில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் உட்பரப்பு இருக்கும். அதுவும் நிரம்பிவிடும், நிரம்பியதைச் சொல்லாது. உங்கள் மூக்கும் சில நிமிடங்களில் வாசனைக்குப் பழகிவிடுவதால் அதையும் நம்ப முடியாது. கம்ப்யூட்டர் ஃபேனில் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒன்றை ஒட்டி விற்கிறார்களே, அதில் இருக்கும் கார்பன் சொற்பம். புகையை மூக்கிலிருந்து தள்ளி அறையின் இன்னொரு மூலைக்கு அனுப்பும், அவ்வளவுதான். அந்தக் காசுக்குக் குழாய் வாங்கலாம் என்பது என் கட்சி.

சிலவற்றுக்கு எந்த ஃபில்டரையும் நம்பாதீர்கள், வேலையையே விட்டுவிடுங்கள். ரெக்சின், ஃப்ளெக்ஸ் பேனர், கடைகளில் சன்போர்டு என்று கொடுக்கும் நுரை அட்டை ஆகியவை பெரும்பாலும் பிவிசி. லேசரில் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் துருப்பிடிக்க வைக்கும். நகைக்கடையில் கே.டி.எம். என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காட்மியம் கலந்து தங்க நகையைப் பற்றவைக்கும் முறை அது. அந்தக் காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பட்டறைக்காரரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வீட்டில் வெள்ளி வேலை செய்கிறவர்கள் காட்மியம் இல்லாத பற்றுப்பொடியாகக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஸ்ப்ரே பெயின்ட். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய்ச் சமையலறை அடுப்பில் தீப்பிடிக்கலாம். சாதாரண ஃபேன் மோட்டாரின் பொறியே அதற்குப் போதும். அதனால் அதைக் குழாய் வழியாக இழுக்க முயலாமல் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் அடியுங்கள். சாதாரண மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க்தான் உதவும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் உடம்புக்கு முன்னால் சுழல் உண்டாகி ஆவி முகத்துக்கே வரும். காற்று பக்கவாட்டில் வீசும்படி நின்றுகொள்ளுங்கள்.

வணக்கம்.