ஜாக்கி ராபின்சன் விடைபெற்ற விதம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க பேஸ்பாலில், கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத்தடையை உடைத்தவர் ஜாக்கி ராபின்சன். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும், புரூக்லின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் முதன்முதலில் களமிறங்கிய 1947 ஏப்ரல் 15-ஐத்தான் சொல்வார்கள். அவர் ஆட்டத்தை விட்டு விலகிய விதமும் அதே அளவுக்குப் பேசப்பட வேண்டியது என்பது என் எண்ணம்.

1956 அக்டோபர் 10. அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டுச் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். எதிரணியான யாங்கீஸ் 9-0 என்று முன்னால் நிற்கிறது. கடைசியாக மட்டை பிடித்தவர் ராபின்சன். மூன்றாவது ஸ்ட்ரைக்கும் போயிற்று; மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் ஆள் அவுட். ஆனால் மட்டைக்காரருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் யோகி பெராவின் கையிலிருந்து பந்து நழுவியது. அப்படி நழுவினால், பந்து வருமுன் முதல் பேஸ் என்ற முதல் நிலைக்கு ஓடித் தப்பலாம் என்பது விதி. வயது 37, தலை நரைத்துவிட்டது, ஆட்டமோ கைவிட்டுப் போய்விட்டது. ஓடி என்ன ஆகப்போகிறது? ராபின்சன் ஓடினார். பெரா பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிய, கதை முடிந்தது. தொழில்முறை லீக்கில் அதுவே அவருக்குக் கடைசி ஆட்டம்.

டிசம்பரில் 'சாக் ஃபுல் ஓ நட்ஸ்' என்ற காபி நிறுவனத்தில் துணைத் தலைவர் பதவிக்குச் சம்மதித்தார். ஓய்வுச் செய்தியை 'லுக்' பத்திரிகைக்கு மட்டுமே தருவதாக ஒப்பந்தம். இதழ் வரும்வரை வாய் திறக்க முடியாது. அதே நாட்களில் டாட்ஜர்ஸ் நிர்வாகம், பரம எதிரியான நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு அவரை மாற்றிக் கொடுத்துவிட்டது. ஈடாக வந்தது ஒரு பந்துவீச்சாளரும் கொஞ்சம் பணமும். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'ரிசர்வ் விதி'ப்படி கேட்கவும் தேவையில்லை. வீரர் எங்கே ஆடுவது என்பதை அணி முதலாளிதான் முடிவுசெய்வார். வீரருக்கு மிஞ்சியது, ஆடமாட்டேன் என்று சொல்லும் உரிமை ஒன்றுதான்.

1957 ஜனவரியில் செய்தி வெளியானதும், அணியை ஏமாற்றிவிட்டார், கதையைக் காசுக்கு விற்றுவிட்டார் என்று பத்திரிகைகள் பாய்ந்தன. ஆளையே விற்றவர்களை விட்டுவிட்டு, செய்தியை விற்றவரைத் திட்டினார்களே, அது அநியாயம். கூடுதல் சம்பளம் கறக்கத்தான் இந்த ஓய்வு அறிவிப்பு என்கிற தொனியில் டாட்ஜர்ஸ் பொது மேலாளர் பஸ்ஸி பவேசி பேசினார். அதன்பின் ராபின்சனின் முடிவு இன்னும் இறுகியது.

1970-இல் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர், தன்னைக் கேட்காமல் பிலடெல்பியா அணிக்கு மாற்றியதை எதிர்த்து வழக்காடினார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட அவருக்காகச் சாட்சிக்கூண்டில் ஏறவில்லை. நீரிழிவால் நலிந்திருந்த ராபின்சன் ஏறினார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் ஃபிளட் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் ராபின்சன் காலமானார். 1975 டிசம்பரில், வேறு இரண்டு வீரர்களின் வழக்கில் வந்த சமரச நடுவரின் தீர்ப்புதான் ரிசர்வ் விதியைச் சாய்த்தது.

நன்றி, வணக்கம்.