பழைய பட்டறைக்கல்: சத்தம் கேட்டு வாங்கலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணே, பழைய இரும்புக் கடையில ஒரு பட்டறைக்கல் (கொல்லர் இரும்பை மேல வெச்சு அடிக்கற இரும்புக் கட்டை) கிடக்கு. தட்டினா கணீர்னு இருக்கு. பக்கவாட்டுல 1 2 10னு வெட்டியிருக்கு. கடைக்காரர் அது மாடல் நம்பர்ங்கறார். வாங்கலாமா?"

இந்த நம்பரைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி! தம்பி, அது மாடல் இல்ல, எடை. பழைய இங்கிலாந்துக் கல்லுல அப்படித்தான் போடுவாங்க. முதல் எண்ணு 112 பவுண்டுக் கணக்கு, நடு எண்ணு 28 பவுண்டுக் கணக்கு, கடைசி சில்லறைப் பவுண்டு. ஆக 112, ரெண்டு 28க்கு 56, அப்புறம் ஒரு 10. மொத்தம் 178 பவுண்டு, 81 கிலோ பக்கம் வரும்.

சத்தத்துக்கு வர்றேன். எத்தனை வீடியோவுல சொல்லியாச்சு, காதை நம்பிக் காசு கொடுக்காதீங்கன்னு! அமெரிக்காவுல ஃபிஷர்னு ஒரு கல்லு, வார்ப்பிரும்பு உடம்பு, மேல எஃகு முகம், அதாவது நாம அடிக்கற மேல்பரப்பு. அது கணீர்னே கேக்காது, ஆனா அருமையான கல்லு.

சத்தத்துக்குப் பதிலா பால்ரஸ், அதான் பேரிங்குக்குள்ள இருக்கற எஃகுக் குண்டு, அதைக் கல்லு மேல போட்டுப் பாருங்க. லாரி மெக்கானிக்கிட்ட பெரிய குண்டா ஒண்ணு வாங்கி, ஸ்கேலை நிறுத்தி, 25 சென்டிமீட்டர்ல இருந்து விடுங்க. 20 வரைக்கும் எகிறினா நல்ல கல்லு. 12தான் வருதுன்னா விட்டுடுங்க, தீ விபத்துல மாட்டி பதம் போன கல்லாக்கூட இருக்கும். ஒரே இடத்துல போட்டுட்டு எந்திரிக்காதீங்க, முகம் பூரா போடணும். தேனிரும்பு உடம்புல எஃகுத் தகட்டைக் காய்ச்சி ஒட்ட அடிச்சதுதான் அந்தக் காலத்துக் கல்லு. உள்ள ஒட்டு விட்டிருந்தா அந்த இடத்துல குண்டு எகிறாது, சத்தமும் மாறும். மறுபடி சொல்றேன், முகம் பூரா!

ஓரம் உதிர்ந்திருந்தா பயப்படாதீங்க. எங்க ஊர் ஆசாரி கல்லுல ஓரமே கிடையாது, நடுவுல உள்ளங்கை அகலத்துலதான் அத்தனை அருவாளும் அடிக்கறார். பளபளன்னு மெஷின்ல சீவி வெச்சிருக்கான் பாருங்க, அதுக்குத்தான் பயப்படணும். சீவச் சீவத் தகடு மெலிஞ்சுடும்.

தம்பி, என்ன அடிக்கப்போறேன்னு நீங்க சொல்லவே இல்லையே? கத்தி மட்டும்னா 81 கிலோ எதுக்கு? கனமான எஃகுக் கட்டி ஒண்ணைக் கட்டையில இறக்கினாலே போதும். தண்டவாளத் துண்டும் ஆகும், ஆனா பில் இல்லாம வாங்கிடாதீங்க, ரயில்வே சொத்து, கேஸ் ஆயிடும்.