காய்ச்சல் விட்ட பிறகு

அனைவருக்கும் வணக்கம். அறிவிப்புப் பலகையில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டார்: "காய்ச்சல் நுரையீரல் சமாச்சாரம், மாரடைப்பு கொழுப்புச் சமாச்சாரம். ரெண்டையும் எதுக்கு டாக்டர் முடிச்சுப் போடறீங்க?" நியாயமான கேள்வி. முடிச்சைப் போட்டது நானல்ல, உடம்புதான். அது எப்படி என்று பார்ப்போம்.

என்னிடம் பல வருடங்களாக வரும் ஒருவர். அப்போது அவருக்கு 74 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, இரண்டும் கட்டுக்குள் இருந்தன. ஃப்ளூ காய்ச்சலில் மூன்று நாள் படுத்தார். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் சாயங்காலம் மகள் போன் செய்தார். "காய்ச்சல் இல்லை டாக்டர். ஆனா பாத்ரூம் போயிட்டு வந்தாலே அப்பாவுக்கு மூச்சு வாங்குது. கட்டில் ஓரத்துல உட்கார்ந்தே இருக்கார், படுக்கமாட்டேங்கிறார்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காய்ச்சல் அடிச்ச உடம்பும்மா, அசதி இருக்கத்தான் செய்யும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் ஈசிஜி எடுத்தால், மாரடைப்பு வந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. நெஞ்சுவலி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயதானவர்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் பல நேரங்களில் வலி தெரிவதில்லை. மூச்சு வாங்கும், வியர்க்கும், சிலருக்குப் புத்தி குழம்பும், அவ்வளவுதான். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் தெம்பு பழையபடி திரும்பவில்லை. படுக்க மறுத்து உட்கார்ந்தே இருந்தார் என்றால், படுத்தால் மூச்சு முட்டியது என்று பொருள். மகள் அதைத் தெளிவாகத்தான் சொன்னார். கேட்காமல் போனது நான்தான்.

இது அபூர்வமாக நடந்த ஒன்று என்று நினைக்க வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. ஆய்வுக்கூடத்தில் ஃப்ளூ என்று உறுதியானவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு மாரடைப்பு எப்போது வந்தது என்று பார்த்தார்கள். ஃப்ளூ உறுதியான பின் வரும் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் 6 மடங்கு. யாரோடு ஒப்பிட்டு? அதே மனிதரின் மற்ற நாட்களோடு. இதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டால், இவர் சிகரெட் பிடிப்பவர், அவர் தினமும் நடப்பவர் என்று ஆயிரம் சாக்கு வரும். இங்கே அவருக்கு அவரே அளவுகோல். அவர் உடம்பும் கொழுப்பும் மாறவில்லை. இடையில் வந்தது காய்ச்சல் ஒன்றுதான்.

ஆறு மடங்கு என்றதும் பயந்துவிடாதீர்கள். சின்ன எண்ணின் ஆறு மடங்கும் பல நேரம் சின்ன எண்தான். ஃப்ளூ வந்த பெரும்பாலோருக்கு மாரடைப்பு வருவதில்லை. ஏற்கெனவே ரத்தக்குழாயில் அடைப்பு ஏறியிருப்பவருக்குத்தான் அந்த ஆறு கனக்கிறது. வயதானவர்களில் அப்படிப்பட்டவர்கள் அதிகம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவரைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். சுவருக்குள்ளே கொழுப்பு கூழ் மாதிரி சேர்ந்து கிடக்கிறது. அதன்மேல் நார்த்திசுவால் ஆன மெல்லிய மூடி. கூழைச் சுற்றிலும் வெள்ளணுக்கள், கொழுப்பைத் தின்று வயிறு ஊதி, கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கின்றன. எங்கோ மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் நுழைகிறது. உடம்பு முழுக்க அபாயச் சங்கு ஊதுகிறது. சங்கு எல்லாக் காதிலும்தான் விழும். ரத்தக்குழாய்ச் சுவரில் தூங்கியவையும் விழித்துக்கொண்டு, திசுவைக் கரைக்கும் நொதிகளைக் கக்குகின்றன. மூடி இன்னும் மெலிகிறது, ஓரிடத்தில் கிழிகிறது. கிழிந்த இடத்தைக் காயம் என்று நினைத்துத் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. காய்ச்சல் நேரத்தில் ரத்தம் ஏற்கெனவே உறையத் தயாராக இருக்கும். கட்டி திரண்டு வழியை அடைத்துவிடுகிறது. காய்ச்சலில் இதயம் வேகமாகத் துடித்து அதிக ஆக்சிஜன் கேட்கும் நேரமும் அதுதான். மூடி கிழியாவிட்டாலும், குறுகிப்போன குழாய்க்கு அந்தத் தேவையை ஈடுகட்ட முடியாமல் போகலாம். வைரஸ் இதயத்தைத் தொடவே வேண்டியதில்லை.

இது சட்டென்று பற்றும் தீ. வயதானவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, நீறு பூத்த நெருப்பு. விரலில் வெட்டுப்பட்டால் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். அப்புறம் ஆறிவிடும். இதுதான் அழற்சி, நல்ல வேலைக்காரன். வயதாக ஆக இந்த வேலைக்காரன் வீட்டுக்குப் போக மறுக்கிறான். வேலை முடிந்த பின்னும் மெல்லப் புகைந்துகொண்டே இருக்கிறான். இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-இல் இதற்கு ஒரு பெயர் சூட்டினார். தமிழில் மூப்பழற்சி என்று வைத்துக்கொள்ளலாம். தொப்பைக் கொழுப்பு, ஈறு நோய், புகை, சாகாமல் கிழடுதட்டிப்போன செல்கள் என்று இதற்கு விறகு பல பக்கமிருந்து வருகிறது. உடம்பிலேயே குடியிருக்கும் வைரஸ்களும் அதில் சேர்த்தி.

ஆமாம், குடியிருக்கும் வைரஸ்கள். சின்னம்மை வந்து போனவர் உடம்பை விட்டு அந்த வைரஸ் போவதே இல்லை. நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, வயதான காலத்தில் அக்கியாகத் தலைகாட்டும். அக்கி வந்த பின் சில வாரங்களுக்குப் பக்கவாத வாய்ப்பு கூடுகிறது, கண்ணைச் சுற்றி வந்தால் இன்னும் அதிகம். சைட்டோமெகலோவைரஸ் என்று இன்னொன்று. உலகில் பெரும்பாலான பெரியவர்கள் உடம்பில் இருக்கிறது, இருப்பதே தெரியாது. ஆனால் நோய் எதிர்ப்புப் படை அதற்குக் காவல் நிற்பதிலேயே வருடத்துக்கு வருடம் அதிக ஆட்களைச் செலவழிக்கிறது. இந்த வைரஸ் உள்ளவர்களிடம் இதயநோய் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டின. இங்கே நான் கொஞ்சம் நிதானிப்பேன். இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றார்கள் என்பதற்காக ஒருவர் இன்னொருவரைத் தள்ளினார் என்று சொல்லிவிட முடியாது. கிளமிடியா நியூமோனியே என்ற பாக்டீரியா மேலும் ஒரு காலத்தில் இப்படித்தான் பழி விழுந்தது. 4000 இதயநோயாளிகளுக்கு ஒரு வருடம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது, ஒரு பலனும் இல்லை.

அப்படியானால் அழற்சிதான் குற்றவாளி என்பதற்கு என்ன சாட்சி? 2017-இல் கிடைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, ரத்தத்தில் சிஆர்பி (அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்) அளவும் கூடியிருந்த 10,000-க்கும் மேற்பட்டோர். கனகினுமாப் என்ற ஊசி. அது கொலஸ்ட்ராலைத் தொடுவதில்லை, அழற்சிக்குத் தூது போகும் ஒரு புரதத்தை மட்டும் தடுக்கும். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. அதே சமயம், உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கொஞ்சம் கூடின. காவலாளியைத் தூங்கவைத்தால் திருடன் வருவான் அல்லவா? அந்த ஊசி இதயநோய்க்குப் புழக்கத்துக்கு வரவில்லை.

அடுத்து கோல்ச்சிசின், கீல்வாதத்துக்கு நாம் காலங்காலமாகக் கொடுக்கும் மாத்திரை. 2019, 2020-இல் வந்த இரண்டு ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. 2023-இல் அமெரிக்காவில் இதயநோய்க்கும் அனுமதி கிடைத்தது. 2024-இல் மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த மாத்திரை டப்பாவில் கிடக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது விஷமாகும். சில ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தாலும் அப்படித்தான்.

சிஆர்பி பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் 14 என்று போட்ட ரிப்போர்ட்டோடு ஓடிவந்தார். பேசும்போதே இருமினார். சளி பிடித்திருக்கும்போது அந்தப் பரிசோதனையைச் செய்தால் சளிதான் தெரியும், இதயம் தெரியாது. சளி போய் ஒரு மாதம் கழித்து எடுத்தோம். 1.2 வந்தது.

காய்ச்சல் நேரத்தில் இதய மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். சாப்பாடே இறங்கவில்லை, வாந்தி வருகிறது என்றால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடம்புவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மூச்சுத்தொற்றும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் மாரடைப்பு வாய்ப்பு இன்னும் ஏறுவதாகத் தைவான் ஆய்வொன்று 2017-இல் காட்டியது. காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு வாரம் ஆளைக் கவனியுங்கள். படுக்கிறாரா, நடந்தால் மூச்சு வாங்குகிறதா, புதிதாகக் கால் வீங்குகிறதா, பேச்சில் தடுமாற்றம் உண்டா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தால், என்னைப் போல ஒரு டாக்டர் போனில் "நாளைக்கு வாங்க" என்றாலும் கேட்காதீர்கள். அன்றைக்கே ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

பேச்சை முடிக்கும் முன்பே ஒரு அம்மா கை தூக்கினார். கணவருக்கு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்துப் பத்து நாள்தான் ஆகிறதாம், ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று கேட்டார். போடலாம் அம்மா. மாரடைப்பு சிகிச்சை முடிந்து 72 மணி நேரத்துக்குள்ளேயே சுமார் 2500 பேரில் பாதிப்பேருக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2021-இல் வந்தது. அடுத்த ஒரு வருடத்தில் மாரடைப்பு, ஸ்டென்ட் அடைப்பு, மரணம் ஆகியவை சேர்ந்து, ஊசி போட்டவர்களிடம் கால்வாசிக்கு மேல் குறைவாக இருந்தன. முட்டை அலர்ஜி, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எது இருந்தாலும் அவருடைய டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

"கை வலிக்குமா?" என்றார் கணவர்.

வலிக்கும் ஐயா. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.