ட்ரெய்னிங் பட்ஜெட் கேக்கப் போறீங்களா? எஸ்ஏபி இன்டக்ரேஷன் டீமுக்கு மட்டும்

வணக்கம் மக்களே! அட்வான்ஸ்டு ட்ரெய்னிங் வேணும்னு கேட்டா மேனேஜர் என்ன சொல்றாரு, யூட்யூப்லயே எல்லாம் கெடக்கே பாத்துக்கோங்கன்றாரு. பாதி சரிதான். ஐஃப்ளோ (ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு டேட்டா போற வழி) போடறது, சின்னதா ஒரு க்ரூவி ஸ்கிரிப்ட் எழுதறது, இதுக்கெல்லாம் கம்பெனி காசு கேக்காதீங்க.

நீங்க பேச வேண்டியது 2027 பத்தி. பிஓ 7.5க்கு, அதான் எஸ்ஏபியோட பழைய இன்டக்ரேஷன் சாஃப்ட்வேர் ப்ராசஸ் ஆர்கெஸ்ட்ரேஷனுக்கு, மெயின்டெனன்ஸ் அந்த வருஷக் கடைசியோட முடியுது, எக்ஸ்டெண்டட் வாங்குனா 2030 வரைக்கும் இழுக்கலாம், அவ்ளோதான். அதுக்குள்ள எஸ்ஏபியோட க்ளவுட் இன்டக்ரேஷனுக்கு மாறணும். மைக்ரேஷன் டூல்தான் இருக்கேம்பாங்க. இருக்கு, ஆனா அந்த டூலோட அசெஸ்மென்ட்டே நம்ம இன்டர்ஃபேஸுங்கள இது அப்படியே போகும், இதுல கை வெக்கணும், இதை நீங்க உக்காந்து யோசிக்கணும்னு மூணா பிரிச்சுத்தான் தரும். அந்த மூணாவது லிஸ்ட்டுக்குத்தாங்க ட்ரெய்னிங்கே!

ஒண்ணு சொல்றேன் பாருங்க. பிஓல அசின்க் மெசேஜ் (பதிலுக்குக் காத்திருக்காம அனுப்புறது) வந்தா தானா சேவ் ஆயிரும், எதிர் சிஸ்டம் படுத்துட்டா அதுவே ரீட்ரை பண்ணும், நாம அதைப் பத்தி நெனச்சதே இல்ல. க்ளவுட்ல எச்டிடிபிஎஸ்ல வாங்குற ஐஃப்ளோல அது தானா நடக்காது, ஜேஎம்எஸ் க்யூவ (மெசேஜ சேவ் பண்ணி வெக்கிற வரிசை) நாமதான் வெக்கணும், சரினு வெச்சு ரீட்ரையும் போட்டாச்சு, இப்போ டைம்அவுட் ஆன ஆர்டர் அந்தப் பக்கம் ஏற்கனவே பதிவாகி இருந்தா? திரும்பவும் போகும், குடோன்ல சரக்கு ரெண்டு தடவை கெளம்பும். ஐடெம்போடென்ட் ப்ராசஸ் கால்ங்கற ஸ்டெப்ப ஐஃப்ளோல போட்டா போதும்னு டுடோரியல்ல சொல்லுவாங்க, அனுப்புறவன் ரெண்டு தடவை அனுப்புனா அது தடுக்கும், ஆனா டைம்அவுட்ல ஃபெயில் ஆனது முடிஞ்சதா கணக்குலயே வராது, அதனால வாங்குற சிஸ்டத்துலயும் மெசேஜ் ஐடிய செக் பண்ணணும். இந்த மாதிரி டிசைன் முடிவுங்கள அனுபவப்பட்ட ஆள் பக்கத்துல இருந்து சொல்லித் தரணும்.

அதனால மெயில்ல "ஸ்கில் டெவலப்மென்ட்"னு எழுதாதீங்க ப்ளீஸ். உங்க டீமோட பழைய டிக்கெட்ட எடுங்க, டூப்ளிகேட் போனது, க்யூ அடைச்சது, யாரு எத்தனை மணி நேரம் உக்காந்தாங்க, வெளி கன்சல்டன்ட்டுக்கு எவ்ளோ போச்சு, இதுக்குப் பக்கத்துல கோர்ஸ் ஃபீஸ எழுதுங்க. மொத்த டீமையும் கேக்காம ரெண்டு பேர மட்டும் கேளுங்க, திரும்பி வந்து நம்ம இன்டர்ஃபேஸ் ஒண்ணையே மாத்திக் காட்டுவாங்கனு எழுதிக் குடுங்க. கூடவே ஒரு டெஸ்ட் டெனன்ட்டும் (பழகிப் பாக்க க்ளவுட்ல தனி இடம்) கேட்டு வாங்கிருங்க, ப்ரொடக்ஷன்ல போய் பழக முடியாதுல்ல.