காகிதத்துல ஷாக் அடிக்குமா?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி அண்ணன்மாரே, எல்லாருக்கும் வணக்கம். எட்டு நிமிஷம்தான் குடுத்திருக்கீங்க, வணக்கத்துலயே அதைக் கரைக்க மனசில்ல.

தலைப்பு இதுதான்: ‘உருசெய் யட்சுரா’வோட நாயகி லம் இன்னைக்கும் நிலைச்சு நிக்கக் காரணம் வரைஞ்ச பேனாவா, அசைஞ்ச திரையா? நான் பேனா பக்கம். ருமிகோ தகாஹாஷி 1978-ல ‘ஷோனென் சண்டே’ வார இதழ்ல ஆரம்பிச்சு 1987-ல முடிச்ச மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக் கதை, மொத்தம் 34 தொகுதி. காதல், கலாட்டா, பேய், சாமியார், வேற்றுக்கிரகவாசி எல்லாம் ஒரே தெருவுல குடியிருக்கிற கதை.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒரு குத்து குத்திட்டுப் போனாரு. “லம் மின்சாரம் பாய்ச்சுறவ. திரையில பாய்ச்சினா பாக்கிற நமக்கே சுர்ருங்குது. காகிதத்துல ஷாக் அடிக்குமா?” நீங்களும் கை தட்டினீங்க. யார் யார் தட்டினீங்கன்னு பார்த்து வெச்சிருக்கேன்.

பதில் வருது. அதுக்கு முன்னாடி அந்தம்மா பூமிக்கு வந்த கதையைக் கேளுங்க.

கொம்பு வெச்ச ‘ஓனி’ங்க, அதாவது ஜப்பானிய அரக்கர் கூட்டம், விண்கலத்துல வந்து பூமியைப் பிடிக்கப் போறோம்னு சொல்லுது. ஆனா ஒரு வாய்ப்பு தருது. ஒரே ஒரு மனுஷன் எங்க பொண்ணு லம்மோட ஓடிப்பிடிச்சு விளையாடணும், பத்து நாளுக்குள்ள அவ கொம்பைத் தொட்டுட்டா நாங்க கிளம்பிடறோம். அந்த மனுஷனைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்குது. இவ்வளவு பெரிய பூமியில அது எடுத்த பேர் அதாரு மொரோபோஷி! பள்ளிக்கூடத்துப் பையன், படிப்பு கிடையாது, பொண்ணுங்களைக் கண்டா கால் நிக்காது. முதல்ல முடியாதுன்னான். லம்மைப் பார்த்தான், சரின்னுட்டான்.

இவன் ஓடணும், அவ பறப்பா. அந்த நியாயத்தை யாரும் கேக்கல. நாள் ஓடுது, கொம்பு கிட்டக்கூட போக முடியல. கடைசி நாளுக்கு முன்னாடி தோழி ஷினோபு சொல்றா: “ஜெயிச்சுட்டு வா, உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்.” ஜெயிச்சுட்டான்! பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, திரும்பச் சொல்றேன். பூமிக்காக ஒன்பது நாள் ஜெயிக்காதவன், கல்யாணத்துக்காக ஒரே நாள்ல ஜெயிச்சான்!

எப்படி? லம்மோட மேலாடையைப் பறிச்சுட்டான். அவ கை மானத்தைக் காக்கப் போச்சு, கொம்பைக் காக்கக் கை இல்ல. டபக்குன்னு பிடிச்சுட்டான். (இது 1978-ஓட சிரிப்பு. இன்னைக்கு நான் இதுக்கு வக்காலத்து வாங்கல.) பிடிச்ச சந்தோஷத்துல கத்துறான்: “இனிமே எனக்குக் கல்யாணம்!” மனசுல இருந்தது ஷினோபு, முன்னால நின்னது லம். டிவி கேமரா நேரலையில ஓடிக்கிட்டிருக்கு. லம் வெட்கப்பட்டுக்கிட்டே சம்மதம்னுட்டா.

யாரைப் பார்த்துக் கத்தினான், யாரு தலையாட்டினா பாருங்க நடுவரே! அந்த ஒரு வாக்கியத்துக்கு 34 தொகுதி வட்டி கட்டியிருக்கான்.

இதுல இன்னொரு வேடிக்கை. லம்மை ஒரு தடவை வந்துட்டுப் போற ஆளாத்தான் தகாஹாஷி வரைஞ்சாங்க. ரெண்டாவது அத்தியாயத்துல அவ கிடையாது. மூணாவதுல திரும்பி வந்தா, அப்புறம் போகவே இல்ல. அப்ப எந்த ஸ்டூடியோ இருந்துச்சு அண்ணே? ஃபூஜி டிவியில முதல் எபிசோடு 1981 அக்டோபர் 14. அதுவரைக்கும் மூணு வருஷம் காகிதத்துலயே குடித்தனம் நடத்தினவ அவ.

இப்ப ஷாக்குக்கு வர்றேன். மங்கா வலமிருந்து இடம் போகும். விரிச்சு வெச்ச ரெண்டு பக்கத்துல கடைசிக் கட்டம் எது? இடது பக்கத்தோட கீழ் இடது மூலை. கை தேர்ந்தவங்க அந்த மூலையில பதிலை வைக்க மாட்டாங்க, கேள்வியை வைப்பாங்க. உதாரணத்துக்கு அதாரு வேறொரு பொண்ணு கையைப் பிடிச்சுக் கொஞ்சுறான்னு வெச்சுக்குங்க. அந்த மூலைக் கட்டத்துல அவன் முதுகுக்குப் பின்னால லம்மோட புலிவரி போட்ட பூட்ஸ் மட்டும் தெரியுது. முகம் இல்ல, வசனம் இல்ல, பக்கம் தீர்ந்துது. உங்க விரல் தாளைத் திருப்புது. பாதிப் பக்கத்துக்கு மின்னல்! சத்தத்தை எழுத்தா எழுதல, படமாவே வரைஞ்சிருக்காங்க, கோடு கட்டத்தை உடைச்சுக்கிட்டு வெளிய வருது. வெடிச்சு வானத்துக்குப் போறவன் கையைப் பாருங்க: நடுவிரலும் மோதிர விரலும் மடங்கியிருக்கும், மத்த மூணும் விறைச்சு நீட்டியிருக்கும். வீடே இடிஞ்சாலும் அந்த முத்திரை மட்டும் கலையாது.

அதே மின்னலைத் திருப்பாத பக்கத்துல வெச்சா? கண்ணு பூட்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடியே மின்னலைப் பார்த்துடும், சிரிப்பு செத்துப்போகும். எதிரணி அண்ணன் ஃபோன்ல மேலிருந்து கீழா சர்ருனு இழுத்துப் படிச்சிருப்பாரு. விரிப்பும் போச்சு, திருப்பலும் போச்சு. வயரைப் பிடுங்கிட்டு பல்பு எரியலைன்னா எப்படிண்ணே? திரையில அடி எத்தனை நொடி கழிச்சு விழணும்னு இயக்குநர் முடிவு பண்ணி வெச்சிருக்காரு. இங்க தாளைத் திருப்புறது நீங்க. பயந்து மெதுவாத் திருப்பினாலும் அடி உங்களுக்குத்தான்!

லம் ரசிகர் கூட்டத்துல ஒருத்தனான மெகானே, திரையாலதான் பெரிய ஆளானான்னும் எதிரணி அண்ணன் சொன்னாரு. ஒத்துக்கறேன். மங்காவுல லம் ரசிகர் கூட்டத்துப் பசங்க, பணக்கார மெந்தோ வந்த பிறகு ஒதுங்கிப் போனாங்க. அனிமே, அதாவது அந்தத் திரைத் தொடர், அவங்களுக்குப் பேர் வெச்சு, ஷிகேரு சிபா குரல்ல மெகானேயை மூச்சு விடாம முழங்க விட்டுச்சு. 1984-ல மமோரு ஓஷீ எடுத்த ‘பியூட்டிஃபுல் ட்ரீமர்’, பள்ளி விழாவுக்கு முந்தின நாள் திரும்பத் திரும்ப விடியற படம், அபாரம். ஆனா அங்க பேசுறது ஓஷீயோட மூளை. லம்மோட கனவை அவர் வாடகைக்கு எடுத்துக்கிட்டாரு. 195 எபிசோடு ஓடின தொடர் 1986 மார்ச்சுல கடையைக் கட்டிடுச்சு, பேனா இன்னும் எழுதிக்கிட்டிருந்துச்சு. 1988-ல முடிவுப் படம் எடுக்கணும்னப்ப எங்க போனாங்க? தகாஹாஷி எழுதின முடிவுகிட்டதான்.

அந்த முடிவைச் சொல்லாம நான் இறங்க மாட்டேன். மணி அடிச்சாலும் பரவாயில்ல.

மறுபடியும் பத்து நாள், அதே ஓடிப்பிடிச்சு. இந்தத் தடவை அதாரு தோத்தா, லம்மோட ஞாபகமே பூமியில ஒருத்தருக்கும் இருக்காது. பிடிக்காமலே தப்பிக்க ஒரே வழி, ‘உன்னை நேசிக்கிறேன்’னு ஒரு வார்த்தை சொல்லணும். ஊர்ல இருக்கிற பொண்ணுங்ககிட்ட எல்லாம் வழிஞ்சவன், இவகிட்ட மட்டும் சொல்ல மாட்டேங்கிறான். ஊரே கெஞ்சுது, வாய் திறக்கல. ஓடுறான், விழறான், திரும்ப எழுந்து ஓடுறான். கடைசி நேரத்துல அவன் மறைச்சு வெச்சிருந்த லம்மோட பழைய கொம்பு கையிலிருந்து நழுவி விழுது. மேல பறந்துக்கிட்டிருந்தவ அதைப் பார்த்துட்டா. இவ்வளவு நாளா இதை வெச்சிருந்தானா! பறந்து வந்து கட்டிக்கிறா. அவன் கை அவ கொம்பு மேல.

அப்பவும் சொல்லல நடுவரே! வாழ்நாள் முழுக்க ஆனாலும் சொல்ல வைக்காம விட மாட்டேன்கிறா அவ. சாகும்போது சொல்றேன்கிறான் இவன். இதைவிடப் பெரிய கல்யாண வாக்கு ஏதாவது இருக்கா?

ஒரு தகவல். இது எதிரணிக்குச் சாதகம்தான், தெரிஞ்சே சொல்றேன். 1981-ல அதாருவுக்குக் குரல் குடுத்த தோஷியோ ஃபுருகாவா, 2022-ல அதே அக்டோபர் 14 அன்னைக்கு ஆரம்பிச்ச புதுத் தொடர்ல அதாருவோட அப்பாவுக்குக் குரல் குடுத்தாரு. அந்தக் காலத்துல லம் பின்னாடி ஓடின குரல், இப்ப வீட்டுக்குள்ள உக்காந்து இருக்கு, வெளிய புதுப் பையன் ஓடறான். இதுக்கு எந்த வாதத்தை வெச்சு நான் மறுப்புச் சொல்றது? என்னால முடியல.

மணி அடிச்சுட்டீங்க. எதிரணி அண்ணே, பேனாதான் பெரிசுன்னு இப்பவே ஒத்துக்கச் சொல்லல. கடைசி மூச்சுல சொன்னாப் போதும். நன்றி, வணக்கம்.