குப்பியில் அடைபட்ட பீட்டா

நேயர்களுக்கு வணக்கம்.

பீட்டா மீனை ஃபைட்டர் என்றும் சண்டை மீன் என்றும் நம்மில் பலர் அறிவோம். சின்னஞ்சிறு குப்பிகளில் ஒவ்வொன்றாக அடைத்து விற்பதைப் பார்ப்பவர்கள், இந்த மீனுக்கு இடமும் வேண்டியதில்லை, வடிகட்டியும் வேண்டியதில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் அதை விலக்குவது கடினமாகிறது.

பீட்டாவின் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, இரத்த நாளங்கள் நிறைந்த மடிப்புகளாக லேபிரிந்த் என்னும் உறுப்பு அமைந்துள்ளது. நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயால் காற்றை விழுங்கி, அதிலுள்ள ஆக்சிஜனை இந்த உறுப்பின் வழியாக மீன் நேரடியாகப் பெறுகிறது. தாய்லாந்தின் நெல் வயல்களிலும் சதுப்புகளிலும், ஆக்சிஜன் குறைந்த வெதுவெதுப்பான நீரில் வாழ்ந்து வந்த இனத்துக்கு இது இன்றியமையாத வசதியாகும். (அந்நாடு 2019ஆம் ஆண்டில் இம்மீனைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது.) ஆனால் வயல் நீர் ஆழமற்றதே தவிர, அளவில் சிறியதன்று, மீனின் கழிவு அந்தப் பரப்பில் கரைந்து நீர்த்துப் போகிறது, செடிகளும் நுண்ணுயிர்களும் அதை எடுத்துக்கொள்கின்றன. குப்பியில் இவற்றுள் எதுவும் நடப்பதில்லை.

மீன் தன் செவுள்கள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீவனம் அழுகும்போதும் அதே அம்மோனியா உண்டாகிறது. காற்றை விழுங்கும் திறமை இந்த நஞ்சிலிருந்து மீனைக் காப்பதில்லை, ஏனெனில் செவுள்கள் எப்போதும் அந்த நீரில்தான் நனைந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் நீரிலும் அம்மோனியா மிகுந்திருக்கலாம் என்பதால், பார்வையை நம்பாமல் சோதனைக் கருவியை நம்புவதே நல்லது. தொட்டியில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகி நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். ஆகவே தொட்டியை முதலில் ஆயத்தம் செய்து, மீனைப் பிறகு வாங்குவதே முறை. பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது என்பது வேறு விஷயம்.

ஒரு மீனுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் தொட்டியை நான் பரிந்துரைப்பேன். வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அறை குளிர்ந்தால் ஹீட்டர் தேவைப்படும். காட்டுப் பீட்டாவின் துடுப்புகள் குட்டையானவை, நாம் ரசிக்கும் நீண்ட வால் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த இனப்பெருக்கத்தால் வந்தது. அந்த வாலைச் சுமந்துகொண்டு வேகமான நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது மீனுக்குச் சிரமம் என்பதால், மென்மையாக இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே பொருத்தமானது. ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் அலசினால் அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்களைக் குளோரின் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அதை அலச வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுவது போதுமானது. புதிதாக ஊற்றும் குழாய் நீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்தால் அதிலுள்ள கிருமிநாசினி வெளியேறிவிடும் என்ற பழைய வழக்கம் குளோரினுக்குத்தான் பொருந்தும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் நீரிலிருந்து எளிதில் வெளியேறாது, அதற்கென உள்ள நீர்ச் சீராக்கியைச் சேர்த்தே ஆக வேண்டும்.

பீட்டா துள்ளிக் குதிக்கும் மீன், மூடி அவசியம். ஆனால் நீருக்கும் மூடிக்கும் நடுவே காற்றுக்கு இடம் விட மறக்கக் கூடாது.

இயற்கையில் இது பூச்சிகளையும் கொசுப் புழுக்களையும் தின்று வாழ்வது. புரதம் மிகுந்த குருணைத் தீவனத்தில் சிலவற்றை நாளுக்கு ஒன்றிரண்டு வேளை கொடுத்து, மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும். தீவனம் கேட்டு மீன் கண்ணாடியருகே வந்து நிற்பதைப் பார்த்து இரங்குபவர்கள்தான் அதன் வயிற்றையும் நீரையும் ஒருசேரக் கெடுக்கிறார்கள்.

இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது. ஆண் மீன் மேற்பரப்பில் நுரைக்கூடு கட்டினால் அது மகிழ்ச்சியாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. கூடு கட்டுவது இனப்பெருக்கத்துக்கான இயல்பூக்கம், மோசமான நீரிலும் ஆண் மீன் அதைக் கட்டும். இனப்பெருக்கத்துக்காக ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டால், முட்டையிட்டதும் பெண் மீனை அகற்றிவிட வேண்டும், ஏனெனில் கூட்டிலிருந்து உதிரும் முட்டைகளை வாயால் பொறுக்கித் திரும்ப வைத்துக் காவல் காக்கும் ஆண், அருகே வரும் பெண்ணைத் தாக்கும். ஒன்றிரண்டு நாளில் முட்டைகள் பொரியும். குஞ்சுகளுக்கு லேபிரிந்த் உறுப்பு பிறக்கும்போதே இருப்பதில்லை. சில வாரங்கள் கழித்தே அது உருவாகிறது. அந்த நாட்களில் நீரின்மேல் நிற்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும்.

வளர்ந்த மீனின் துடுப்பு ஓரங்கள் கறுத்துக் கிழிந்தாலோ, மீன் சோர்ந்து அடித்தளத்தில் கிடந்தாலோ, மருந்து வாங்க ஓடுவதற்கு முன் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் வெப்பநிலையையும் சோதித்துப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்தில் இல்லையென்றால், நீரை மாற்றுவதுதான் முதல் சிகிச்சை. வணக்கம்.