பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள்

நேயர்களுக்கு வணக்கம். பிரசவ வார்டில் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "டாக்டர், பாப்பாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே, காமாலையா?" பக்கத்தில் நிற்கும் பாட்டி, காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்பார்.

வயிற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் குழந்தையின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் அதிகமாகவே இருக்கும். நம்முடைய சிவப்பணு 120 நாள் வாழும், குழந்தையுடையது அவ்வளவு தாங்காது, அதனால் பிறந்த பிறகு அவை மளமளவென்று உடைந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி சேர்கிறது. அதை வெளியேற்ற வேண்டிய கல்லீரலோ இன்னும் முழுசாகத் தயாராகவில்லை. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இது வரும். 3 முதல் 5 நாளில் கூடி, நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் 2 வாரத்தில் இறங்கிவிடும். கிருமியால் பெரியவர்களுக்கு வரும் காமாலை வேறு. தயவுசெய்து கீழாநெல்லி அரைத்துப் புகட்டாதீர்கள்.

பிலிருபின் மலத்தோடுதான் போக வேண்டும், பால் இறங்கினால்தான் மலம் போகும், ஆகவே ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை தாய்ப்பால் கொடுங்கள். சேனை வைப்பதாகச் சொல்லி சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைத்தால் பிள்ளை பால் குடிப்பது குறையும். தேன் ஒரு வயது வரை ஆபத்தும்கூட.

சரி, வெயில்? பாட்டி சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், வெயில் பட்ட இடத்தில் மட்டும் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்துச் சொன்னார். இன்று நாம் வைக்கும் நீல விளக்கு சிகிச்சை அங்கிருந்து வந்ததுதான். ஆனால் வெயிலுக்கு அளவு வைக்க முடியாது, பிஞ்சுத் தோல் வெந்துபோகும். வெயிலை நம்பி வீட்டிலேயே நாளைக் கடத்துவதுதான் எனக்குப் பெரிய பயம்.

பகல் வெளிச்சத்தில் மூக்கு நுனியை விரலால் லேசாக அழுத்தி எடுங்கள், அடியில் மஞ்சள் தெரியும். நெஞ்சு, வயிறு என்று அப்படியே கீழே பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, பாதம் வரை வந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், ராத்திரியானாலும் சரி. பிலிருபின் மிதமிஞ்சினால் மூளையைத் தாக்கும், அந்தச் சேதத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது.

அப்புறம், 2 வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, மூத்திரம் துணியில் மஞ்சள் கறை வைத்தால் பித்தநாளம் அடைத்திருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 2 மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும். அந்தத் துணியை எறியாமல் கையோடு எடுத்து வந்து டாக்டரிடம் காட்டுங்கள்.